இரண்டாம் பானையின் அடி

ஆஸ்பத்திரியின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். யாருக்காவது கடிதம் எழுதுவதென்றாலே எனக்குக் கை வியர்க்கும். நாலு பேர் முன்னால் கதைக்கவும் தெரியாது. இருபத்தைந்து வருடம் சிற்றூழியராக இருந்தும் கூட்டங்களில் கடைசி வாங்கில்தான் இருந்திருக்கிறேன். அதனால் இரண்டு தடவை இல்லையென்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் தடவை கேட்டு வந்தவள் சிறுபிள்ளைகள் வாட்டில் வேலை செய்யும் பிள்ளை. இப்போது மெலிந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் பைக்கற் ஒன்றை எனக்குக் காட்டினாள். நிலக்கடலையும் பால்மாவும் சேர்த்து அரைத்த பசை. மூலையைக் கிழித்துக் குழந்தையின் வாயில் வைத்தால் போதுமாம். அடுப்பில்லை, பானையில்லை, கலக்குவதற்கு ஒன்றுமே இல்லை.

"அப்ப நீங்கள் அந்த நாளையில என்ன அன்ரி செய்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"கலக்கினனாங்கள்" என்றேன்.

"கலக்கிறதெல்லாம் ஒரு வேலையோ?" என்று சிரித்தாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு உருத்திரபுரத்தில் வயல் இருந்தது. வீட்டுக்காரர் மலேரியாவில் மோசம் போன பிறகு நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் சண்டை வந்து ஊரோடு எழும்பி, சைக்கிளில் கட்டியதைக் கட்டிக்கொண்டு, கண்டாவளைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மெலிந்து போன குழந்தைகளுக்கென்று கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில் இருந்தது. அதற்குப் பெரிய பெயர் ஒன்று பலகையில் எழுதியிருந்தது. சனங்கள் பால்கொட்டில் என்றார்கள். பெரிய பானையில் சமைத்துப் பழகிய பெண்கள் வேண்டுமென்றார்கள். வயலில் அறுவடைக்காரர்களுக்குச் சமைத்த கை என்னுடையது. இரண்டு நாள் பார்த்துப் பழகு என்றார்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

பால்கொட்டிலுக்குப் பொறுப்பாக ஒரு மிஸி இருந்தா. யாழ்ப்பாணத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவா. பெயர் எழுத நான் அனுமதி கேட்கவில்லை, ஆகவே மிஸி என்றே எழுதுகிறேன். மெல்லிய உடம்பு. குரலை உயர்த்த மாட்டா. வேலைக்காரிகளான எங்களையும் 'வாங்கோ, போங்கோ' என்றுதான் கூப்பிடுவா. ஒரு தாயோடு கதைப்பதென்றால் நின்றுகொண்டு கதைக்க மாட்டா. அந்தத் தாய் தரையில் இருந்தால் தானும் சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் இருந்துவிடுவா.

சுவரில் இங்கிலிசில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அனுப்பியது. பால் கரைக்கும் முறை முழுவதும் அதில் இருந்தது. முதல் நாளே மிஸி என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினா.

"தங்கமக்கா, இந்த நாலு எழுத்தையும் பாருங்கோ. முதல் எழுத்துப் பாம்பு மாதிரி வளைஞ்சிருக்கு. இது இந்தக் கடதாசியில எத்தினை இடத்தில இருக்கெண்டு எண்ணுங்கோ."

விரலால் தடவித் தடவி எண்ணினேன். ஐந்து இடத்தில் இருந்தது.

"இதை ஸ்டேர் எண்டு வாசிக்கிறது. கலக்கிறது. ஐஞ்சு தரம் சொல்லியிருக்கிறாங்கள் எண்டால் சும்மா சொல்லேல்லை."

நான் படித்த ஒரே இங்கிலிசுச் சொல் அதுதான். நாங்கள் கூழைத் துழாவுவோம், களியைக் கிண்டுவோம், சாம்பலைக் கிளறுவோம், மோரைக் கடைவோம், கருப்பட்டியைக் கரைப்போம். கை ஒவ்வொன்றுக்கும் வேறு மாதிரிப் போகும், சொல்லும் வேறு. இங்கிலிசுக்காரருக்கு அநேகமாக எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றே போதுமாம். அவர்களுக்குச் சட்டி பானை குறைவாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டிலில் இரண்டு பானை. முதற்பானை தண்ணியான பால். புதிதாகக் கொண்டுவரப்படும் குழந்தைகளுக்கும், கால் முகமெல்லாம் வீங்கிக் கொட்டிலிலேயே படுத்திருக்கும் குழந்தைகளுக்கும் அது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, சின்னக் கப்பில் அரைவாசி. இரண்டாம் பானை கஞ்சி. பால்மா, சீனி, எண்ணெய், வறுத்த அரிசிமா எல்லாம் போட்டது. தேறி வரும் குழந்தைகளுக்கும், காலையில் வரிசையில் வந்து நிற்கும் குழந்தைகளுக்கும் அது.

பால்மாவையும் சீனியையும் எண்ணெயையும் முதலில் ஒரு சின்னச் சட்டியில் போட்டு மத்தால் குழைக்க வேண்டும். எண்ணெய் உடனே சேராது, விலகி விலகி ஓடும். அது பசையாக வந்த பிறகுதான் கொதித்தாறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், மா கட்டி கட்டியாக அடியில் இருந்துவிடும். பானைக்கு மாற்றிய பிறகும் விட்டு வைக்க முடியாது. ஒவ்வொரு கப் அள்ளுவதற்கும் முன்னால் அகப்பையை அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி மேலே தூக்க வேண்டும். நூறு கப்பென்றால் நூறு தடவை.

மிஸி அதைச் சோதித்துப் பார்க்கும் முறை ஒன்று இருந்தது. மூன்று ஜாம் போத்தல்களைக் கழுவிக் கொண்டுவருவா. நான் பரிமாறத் தொடங்கும்போது ஒரு போத்தலில் கொஞ்சம், பாதிப் பானையில் இன்னொன்றில், முடியும்போது மூன்றாவதில் வாங்கி, வெயில் படும் வாங்கில் வரிசையாக வைப்பா. அரை மணித்தியாலம் கழித்து வந்து குனிந்து பார்ப்பா. மூன்று போத்தலிலும் எண்ணெயும் மாவும் ஒரே அளவில் பிரிந்து நின்றால் நான் சரியாகக் கலக்கியிருக்கிறேன். முதற் கிழமை என்னுடைய மூன்றாம் போத்தலில் பாதிக்கு மா நின்றது. போத்தல்களை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டா. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

மிஸி போத்தலில் காட்டியதைச் சனங்கள் என்னைவிட முந்திக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு நாள் வரிசையின் நடுவில் நின்ற பூமணியக்கா உரத்துக் கத்தினா.

"இஞ்ச பாருங்கோ, முன்னுக்கு நிண்டவைக்கு எண்ணெய், பின்னுக்கு நிண்டவைக்கு மா. நடுவில நிண்ட நாங்கள் தண்ணியைக் குடிச்சிட்டுப் போறதோ? ஆர் உருத்திரபுரத்தாள் எண்டு பாத்துத்தான் அகப்பை இறங்குது!"

சனம் கலைந்து பானையைச் சுற்றி வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. மிஸி மெதுவாக வந்து, "பூமணியக்கா, நீங்கள் நல்லாக் கலக்குறீங்கள். சனத்தைக் கிளப்பி விடுறதுக்கும் இங்கிலிசில அதே சொல்லுத்தான் தெரியுமோ? வாங்கோ, இண்டைக்குப் பானையையும் நீங்களே கலக்குங்கோ" என்றா.

பூமணியக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தா. முப்பது கப் தாண்டவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டா.

"ஐயோ மிஸி, எனக்கு எண்ணெயும் வேண்டாம், மாவும் வேண்டாம், இந்த அகப்பையை வாங்குங்கோ. தங்கமக்கா, உனக்கென்ன இரும்பிலயோ கை?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு பூமணியக்கா யார் குறை சொன்னாலும் அவர்களைப் பிடித்துக்கொண்டு வந்து என் கையில் ஒப்படைப்பா.

வீங்கிய குழந்தைகளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கொடுக்க வேண்டும். அவை எழும்பாது. அழக்கூடப் பலம் இருக்காது. தாய்மார், "நித்திரை கொள்ளட்டும், பாவம்" என்பார்கள். மிஸி உள்ளங்காலை விரலால் தடவி, காதுக்குள் பெயரைச் சொல்லி எழுப்புவா. "இதுவும் ஸ்டேர் தான், தங்கமக்கா. அடியில போய்ப் படிஞ்சிட்ட பிள்ளையை மேல கொண்டுவாறது" என்று ஒரு நாள் சொன்னா. அது எனக்குப் பிடித்திருந்தது. நானும் உள்ளங்காலைத் தடவப் பழகினேன்.

இனி எழுத வேண்டியதை எழுத வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து இடம்பெயர்ந்த ஜெசிந்தா என்ற பெண் ஒரு திங்கட்கிழமை வந்தா. சேர்ச்சுக்குப் போகும் வேதக்கார ஆட்கள். கடலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. ஏழு வயதில் மெற்றில்டா என்று ஒரு மகள், இரண்டு வயதில் அன்ரன் என்று ஒரு மகன். அன்ரனுக்குக் காலும் கண் மடலும் வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகிப் போயிருந்தது. காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. மிஸி பார்த்துவிட்டு, "முதற்பானை மட்டும். நான் சொல்லும் வரைக்கும் வேற ஒண்டும் குடுக்கப்படாது" என்றா.

இரண்டு நாள் அன்ரன் சும்மா கிடந்தான். எழுப்பி எழுப்பிக் கரண்டியால் கொடுத்தோம். புதன்கிழமை விடிய அவன் கப்பைப் பார்த்துக் கையை நீட்டினான். அரைக் கப்பும் முடிந்ததும் இன்னும் வேண்டுமென்று அழுதான். சத்தமே இல்லாத அழுகை. ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, இது வெறும் வெள்ளைத் தண்ணி. பிள்ளை பசியில கேக்கிறான். அந்தப் பானையில இருந்து கொஞ்சம் குடுங்கோவன்."

"மிஸி வேண்டாமெண்டு சொன்னவா, பிள்ளை."

"மிஸிக்குப் பிள்ளை இருக்கோ அக்கா?"

மிஸி அன்றைக்கு மருந்து எடுக்கப் புதுக்குடியிருப்புப் பக்கம் போயிருந்தா. மத்தியானம் வரிசை முடிந்து இரண்டாம் பானையின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கூழ் காய்ச்சினால் மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அடியில்தான் கிடக்கும். வந்தவர்களுக்கெல்லாம் மேலால் அள்ளி வார்ப்போம். யார் மேல் உருக்கமோ, யார் நோயில் விழுந்த வருத்தக்காரரோ, அவருடைய முறை வரும்போது துழாவாமல், அகப்பையை மெல்ல அடிக்கு இறக்கி அள்ளி விடுவோம். அது களவில்லை. அடியில் அள்ளிப் போடுவதுதான் எங்களுக்கு அன்பு. என் தாய் எனக்கு அப்படித்தான் போட்டவா, நான் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் போட்டேன். ஜெசிந்தாவின் ஆட்களும் அப்படித்தான்.

நானும் அப்படித்தான் செய்தேன். கலக்காமல் அகப்பையை அடிக்கு விட்டேன். மாவும் பால்மாவும் சீனியும் படிந்து கிடந்த அந்தக் கட்டிக் கஞ்சியை ஒரு பெரிய கப் நிறைய அள்ளி ஜெசிந்தாவின் கையில் கொடுத்தேன். அன்ரன் முழுவதையும் குடித்தான். பின்னேரமும் ஒரு கப் கொடுத்தேன். வியாழன் காலையில் மிஸி வர முன்னர் இன்னொன்று.

வியாழன் மத்தியானம் அவன் மூச்சு வேகமாக வாங்கத் தொடங்கியது. கழுத்து நரம்பு துடித்தது. ஈரல் வீங்கி வயிறு கல்லாக இருந்தது. மிஸி அவனுடைய நெஞ்சில் காதை வைத்துக் கேட்டா. பிறகு நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் பார்த்து, "என்ன குடுத்தனீங்கள்?" என்றா.

நான் இரண்டாம் பானையைப் பார்த்தேன்.

"எத்தினை கப் தங்கமக்கா?"

"மூண்டு."

"மேலாலயோ, அடியிலயோ?"

"அடியில."

மிஸி கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தா. "சொன்னது நல்லது. இல்லாட்டி நான் காய்ச்சலெண்டு தேடிக்கொண்டு இருந்திருப்பன்" என்றா. டொக்டரைக் கூட்டிவரச் சைக்கிளில் ஆள் அனுப்பினா. சாப்பாட்டை முழுவதும் நிறுத்திவிட்டு, பிள்ளையை நிமிர்த்தித் தன் மடியில் வைத்துக்கொண்டா. டொக்டர் வேறு முகாமில் நின்றார். அவர் வந்து சேர வெள்ளிக்கிழமை காலை ஆகிவிட்டது. அவர் சைக்கிளை விட்டு இறங்கும்போது ஜெசிந்தாவின் அழுகை ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

பிறகு மிஸி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னா. பட்டினி கிடந்த பிள்ளையின் இருதயமும் மெலிந்து போயிருக்கும். பசி திரும்பி வந்தாலும் இருதயம் திரும்பி வர இன்னும் நாலைந்து நாள் வேண்டும். அதற்குள் கட்டியாகக் கொடுத்தால் அது தாங்காது. அதற்காகத்தான் முதற்பானை தண்ணியாக இருக்கிறது. "இதை நான் முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும். குடுக்காதேங்கோ எண்டு மட்டும் சொன்னனான். ஏனெண்டு சொல்லேல்லை. கலக்கிறதைப் பற்றி ஐஞ்சு தரம் சொன்ன நான், இதை ஒருக்காலும் சொல்லேல்லை."

எனக்காகச் சொன்னா என்று அப்போது நினைத்தேன். இல்லை, உண்மையிலேயே தன்னைத்தான் குறை சொன்னா.

"தாய்க்கு நான் சொல்லட்டோ மிஸி?" என்று கேட்டேன்.

"அது உங்கட முடிவு. நானாப் போய்ச் சொல்ல மாட்டன். அவா என்னட்டக் கேட்டா மறைக்கவும் மாட்டன்."

"நாளைக்கு நான் வரேல்லை மிஸி. என்னால ஏலாது."

"நீங்கள் வராட்டி வேற ஒராள் வருவா. அவாவும் பாவம் பாத்து அடியில அள்ளுவா. எனக்கு நீங்கள்தான் வேணும்."

அடுத்த நாள் போனேன். முதற்பானையைக் கொட்டிலின் மற்றப் பக்கத்துக்கு மாற்றி வைத்தோம். புதிதாக வரும் ஒவ்வொரு தாய்க்கும் அந்தப் பால் ஏன் தண்ணியாக இருக்கிறது என்று சொல்லும் வேலையை மிஸி எனக்குத் தந்தா. வாய் திறக்கக் கூசும் எனக்கு. ஆனாலும் தரையில் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் சொன்னேன். பால்கொட்டில் இரண்டு தடவை இடம் மாறியது, மிஸியும் மாறிப் போனா. நான் விடவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுத்தபோதும் சிறுபிள்ளைகள் வாட்டையே கேட்டு வாங்கினேன்.

ஜெசிந்தாவுக்குச் சொல்ல வேண்டும் என்று எட்டாம் நாள் பூசை முடிந்து அவாவின் கொட்டிலுக்குப் போனேன். வாசலில் கண்டதும் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

"அக்கா, ஊரெல்லாம் பிள்ளையள் பசியோட சாகுதுகள். என்ர பிள்ளை வயிறு நிறையக் குடிச்சிட்டுத்தான் போனவன். நீங்கள்தான் குடுத்தனீங்கள். அது ஒண்டுதான் அக்கா எனக்கு ஆறுதல்."

நான் அவாவின் கையைப் பிடித்தபடியே நின்றேன். அந்த ஒன்றையும் அவாவிடம் இருந்து பறிக்க எனக்கு வாய் வரவில்லை. அது இரக்கமா, என்னுடைய பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் சந்தையிலோ திருநாளிலோ காண்பா. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்பவர்களுக்கு என்னைக் காட்டி அதையே சொல்லுவா. நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு வெட்கம் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

போன வருடம் ஜெசிந்தா மோசம் போய்விட்டா. இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது அதன் பிறகுதான். ஆனால் மகள் மெற்றில்டா இருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் அச்சில் வரக்கூடாது. ஆகவே எழுதியதை எடுத்துக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வீட்டுக்குப் போனேன். இரண்டு பிள்ளைகளின் தாய் இப்போது. கதிரையை இழுத்துப் போட்டாள். நான் வாசித்தேன். கூழைப் பற்றி எழுதிய இடத்திலும், மூன்று கப் என்ற இடத்திலும் நின்று நின்று வாசித்து முடித்தேன்.

மெற்றில்டா கோபித்தால் கோபிக்கட்டும் என்று இருந்தேன். எழும்பிப் போ என்று சொன்னால் போவதற்குச் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"அன்ரி, தம்பி அதைக் குடிக்கேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்களோ?"

"ஓம்."

"நான் தண்ணியள்ளப் போயிட்டன். காணேல்லை. அவன் சிரிச்சவனோ?"

"ஓம், பிள்ளை."

"அதை நீங்கள் எழுதேல்லையே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் எழுதினனீங்கள், அதை விட்டிட்டீங்கள். அதையும் எழுதுங்கோ. அம்மா சொன்னது பொய்யில்லை எண்டு இருக்கட்டும்."

எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அதை எழுதினால் நான் செய்தது நல்லதென்று ஆகிவிடுமோ என்று பயந்தேன். ஆனால் அவள் கேட்டுவிட்டாள், அவளுக்குத்தான் கேட்க உரிமை. ஆகவே எழுதுகிறேன்.

புதன்கிழமை மத்தியானம். தாயின் மடியில் இருந்து இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக் குடித்தான். பாதியில் மூச்சு விடுவதற்காகக் கப்பை இறக்கினான். மேலுதட்டில் கஞ்சி மீசை மாதிரி ஒட்டியிருந்தது. தாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரித்தான். கப்பை வாங்கக் கையை நீட்டினேன். விடவில்லை.